குடிக்கும் போத்தலில் நஞ்சு

நம்மில் பலருக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. வாடிக்கைக்காரர் காலிக் குளிர்பானப் போத்தலை நீட்டினால், கேட்டதை அதில் ஊற்றிக் கொடுத்துவிடுவோம். முன்பு மண்ணெண்ணெய், பிறகு கழிவறை கழுவும் அமிலம், களைக்கொல்லி. சில்லறைக்கு வந்தவரிடம் முழு டின்னை வாங்கச் சொல்ல மனம் வருவதில்லை. சுங்கை சோ, செரண்டா பக்கம் தோட்டத்து மக்களை நம்பிக் கடை வைத்தவர்களுக்கு இந்தத் தாட்சண்யம் நன்றாகவே விளங்கும்.

ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. போத்தலைத்தான் தெரியும்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் விற்பனைக்கு வந்த இது, நம் தோட்டங்களில் பல்லாண்டு தெளிக்கப்பட்டது. ஆரம்பத்தில் அதன் நிறம் கரும்பழுப்பு. வேறு போத்தலில் ஊற்றி வைத்ததைக் குளிர்பானம் என்றெண்ணிக் குடித்து மாண்டவர்கள் பல நாடுகளில் உண்டு. ஒரு வாய் போதும்; சில நாட்களில் நுரையீரல் கெட்டுவிடும். மாற்று மருந்து கிடையாது. நீல நிறமும் துர்நாற்றமும் பிற்பாடு சேர்த்ததே இந்த மயக்கத்தைத் தடுக்கத்தான். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அது தடை. எனினும் பழைய கொட்டகை மூலைகளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பாத்திரம் மாறினால் விளைவது என்ன என்பதற்கு பீகாரைப் பாருங்கள். 2013 ஜூலை 16 அன்று சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்ததாகச் சோதனையில் தெரிந்தது. பூச்சிமருந்து வைத்திருந்த டப்பாவில் எண்ணெயை ஊற்றியதே காரணமாக இருக்கலாம் என்று அதிகாரிகள் கருதினர்.

சரி, பிள்ளை குடித்துவிட்டது, என்ன செய்வது? நம் வீடுகளில் முதலில் நடப்பது, தொண்டையில் விரலை விடுவது, உப்புத் தண்ணீர் புகட்டுவது. இரண்டும் கூடாது. கித்தாப் பாலை உறைய வைக்கும் அமிலமானால், இறங்கும்போது சுட்ட தொண்டையை வாந்தி மறுபடியும் சுடும். மண்ணெண்ணெயானால் வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும்; அதன் பெரிய அபாயமே அங்கேதான். பாட்டிமார் சொல்லும் தேங்காய்ப்பாலும் முட்டையும் வேண்டாம். வாயைத் துடைத்துக் கொப்பளிக்கச் செய்யுங்கள். மயங்கிய பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். உடம்பில் பட்டிருந்தால் உடுப்பைக் களைந்து ஓடும் நீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது. தாமதியாமல் 999க்கு அழையுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அழாமல் விளையாடுகிறதே என்று காத்திருக்க வேண்டாம். சில நஞ்சுகள் மெதுவாகவே வேலை செய்யும். போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். என்ன நஞ்சு என்று தெரியாமல் டாக்டர் திணற நேரும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நஞ்சு மையத்தின் எண் 1-800-88-8099. கல்லாப்பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டலாம்.

இனிக் கடைக்கு வருவோம். பூச்சிமருந்தைச் சில்லறையாக ஊற்றி விற்கவே கூடாது. கம்பெனிச் சீட்டு ஒட்டிய டப்பாவிலேயே போகட்டும். எலிமருந்து அரிசி, மாவுச் சாமான்களுக்குப் பக்கத்தில் இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள். அமிலத்துக்கு வைத்த புனல் எண்ணெய்த் தகரத்தின் பக்கம் போகக் கூடாது. அப்படியும் ஒருவர் காலிப் போத்தலை நீட்டி, “அடுத்த கடையில் ஊற்றித் தருகிறாரே” என்று கோபித்துப் போனால், போகட்டும்.