மேலே மண் நின்றால் கீழே பீலியில் தண்ணீர்



மாசி, பங்குனி வந்தால் லயத்துப் பீலியில் தண்ணீர் நூல் மாதிரி ஆகிவிடுகிறது. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வரும் நம் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். ஆனி, ஆடி மழையில் அதே ஓடை செம்மண் நிறத்தில் பொங்கிப் போகிறது. பெய்த மழையை மலை ஏன் பிடித்து வைக்கவில்லை? இந்த மாதம் அதைப் படிப்போம்.

நீரேந்து பகுதி

நம்ம லயத்துக்கு மேல இருக்கிற மலை முகடுகளைப் பாருங்கள். அவற்றுக்கு நடுவில் விழும் மழையெல்லாம் ஒரே ஓடையில் சேர்கிறது. அந்த இடம் முழுவதும் ஒரு சிறிய நீரேந்து பகுதி. தேயிலை மலை, காடு, லயம், மரக்கறித் தோட்டம், ரோட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். இப்படிப்பட்ட ஓடைகள் சேர்ந்துதான் கொத்மலை ஓயாவும் மகாவலியும் ஆகின்றன. மஸ்கெலியாப் பக்கத்துத் தண்ணீர் களனி கங்கைக்குப் போகிறது.

ஒரு கணக்கு

ஒரு ஏக்கரில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 2 இலட்சம் லீற்றர் தண்ணீர். சருகு மூடிய மண் அதை உறிஞ்சி, ஊற்றாக மெல்ல விடும். சுரண்டியால் வழித்த வெறும் மண்ணில் தண்ணீர் இறங்காது. மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீற்றர் கனம் மண் போனால் அது சுமார் 4 தொன். போட்ட உரமும் அதோடு போச்சு. 1976இல் கட்டி முடித்த பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில், 12 வருடத்துக்குள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மண் நிறைந்தது.

செய்ய வேண்டியவை

1. கான்களைச் சரிவுக்குக் குறுக்கே, 120 அடிக்கு 1 அடி இறக்கமாக வெட்ட வேண்டும். உள்ளே இடைக்கிடை தடுப்பு விட்டால் மண் படியும். அதை அள்ளித் தேயிலைத் தூருக்கே போடணும்.

2. கவ்வாத்து வெட்டிய மலையில் மொத்த மிலாறை மட்டும் விறகுக்கு எடுங்கள். இலையும் சிறு குச்சியும் மண்ணுக்குப் போர்வை.

3. பழைய தேயிலையைப் பிடுங்கினால், மறு நடுகைக்கு முன் 18 முதல் 24 மாதம் மாணாப்புல் அல்லது குவாத்தமாலா புல் வளர்க்க வேண்டும்.

4. கரட், லீக்ஸ், போஞ்சிப் பாத்திகளை மேலிருந்து கீழாகப் போடாதீர்கள், குறுக்கே போடுங்கள். ஓரத்தில் வெட்டிவேர் நடலாம்.

5. ஊற்றைச் சுற்றியுள்ள மரங்களை வெட்டாதீர்கள். மருந்து அடிக்கும் டாங்கியை அங்கே கழுவாதீர்கள்.

கவனம்!

நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரெனக் கலங்கும் அல்லது நின்றுபோகும் ஊற்று, இவை மண்சரிவின் அடையாளங்கள். அப்படிப்பட்ட சரிவில் தண்ணீரைத் தேக்கக் கூடாது. பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் வெளியேறுங்கள். பிறகு தோட்ட அலுவலகத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது.

பிள்ளைகளோடு செய்து பாருங்கள்

அடுத்த மழை ஓய்ந்ததும் லயத்துக் கானில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து, ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். அடியில் எத்தனை விரல் மண் படிகிறது என்று அளந்து, கங்காணியிடமும் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் காட்டுங்கள். எந்தக் கானை முதலில் திருத்துவது என்ற பேச்சை அதிலிருந்தே தொடங்கலாம்.