ஊரடங்கில் திறந்த கதவு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மயிலாப்பூர், தி.நகர் பக்கத்து ஆடிட்டர் ஆபீஸ்களில் ஒரே தவிப்பு. டேலி கணக்கு மென்பொருள் ஆபீஸ் சர்வரில், ஆட்கள் வீட்டில். ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் ரிமோட் டெஸ்க்டாப் வந்துவிடும். திறந்தார்கள். ஊரடங்கு முடிந்தும் மூடாத ஆபீஸ்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

முதலில் சர்வரில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண்ணைத் தேடுங்கள். லாகின் தவறும்போதெல்லாம் பதிவாகும் எண் அது. லஸ் அருகே ஓர் ஆபீஸில் அப்படித் தேடினேன். நள்ளிரவு இரண்டு மணிக்கு, ஆளே இல்லாத நேரத்தில், அட்மின், டேலி, அக்கவுண்ட்ஸ் என்று பெயரை மாற்றி மாற்றி யாரோ முட்டிப் பார்த்திருக்கிறார்கள். திரை முழுக்க அதே எண். ஆபீஸ் முதலாளியின் முகம் மாறிவிட்டது.

அடுத்து ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் 3389 இருந்தால் எடுத்துவிடுங்கள். வேறு எண்ணுக்கு மாற்றிவைத்தால் போதும் என்பார்கள்; போதாது. திறந்திருக்கும் போர்ட் எந்த எண்ணில் இருந்தாலும் ஸ்கேனில் சிக்கிவிடும். ரவுட்டருக்கு இணைப்புக்காரர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டையும் அன்றே மாற்றுங்கள்.

வெளியிலிருந்து வருபவர் விபிஎன் வழியாகத்தான் நுழைய வேண்டும். பாஸ்வேர்டோடு, செல்போன் ஆப்பில் வரும் ஓடிபியையும் அது கேட்கட்டும். ஆளுக்கொரு கணக்கு இருக்கட்டும்; ஒரே பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது வேண்டவே வேண்டாம்.

இனிச் சொல்வதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆர்ட்டிகிள்ஷிப் முடித்துப் போன பையனின் கணக்கு என்ன ஆயிற்று? 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் தன் எரிபொருள் குழாய்களையே நிறுத்த நேர்ந்தது. திருடர்கள் நுழைந்தது, புழக்கத்தில் இல்லாத பழைய விபிஎன் கணக்கு ஒன்றின் வழியாக. அதற்கு ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டு இல்லை. ஆகவே ஒருவர் விலகும் நாளில், ரிலீவிங் லெட்டர் கொடுக்கும் முன் கணக்கை மூடுங்கள். டேலியைத் தொலைவிலிருந்து சரிசெய்பவர் கேட்டதற்காகப் போட்ட எனிடெஸ்க் மென்பொருளும் அப்படித்தான்: வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவைக்காதீர்கள். பேக்கப் தினமும் எடுங்கள். எடுத்த டிஸ்க்கை உடனே கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே இருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கம்பெனியின் டேட்டாவைத் திறந்து பாருங்கள்.

ஏதேனும் நடந்துவிட்டால் லேன் வயரைப் பிடுங்குங்கள், சிஸ்டத்தை அணைக்காதீர்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதற்குத் தகவல் கொடுக்க வேண்டும்; லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். அந்த எண்ணைச் சர்வர் மேலேயே ஒட்டிவையுங்கள்.