மெயினுக்குள் வந்தால் வெளியே கை நீட்டாதே

ராசிபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் தமிழ்ச் சொற்பிழைத் திருத்தியின் டெபியன் பொதியைப் பிரித்துப் பார்த்தேன். ரூல்ஸ் கோப்பில் டபிள்யூகெட் போட்டுச் சொற்பட்டியலை இறக்குகிறாய். அந்த வரியைக் கண்டதும் எனக்கு எரிச்சல் வந்தது. டெபியனின் மெயின் பிரிவில் உள்ள பொதி எதுவும் பில்டு ஆகும்போது இணையத்தைத் தொடக் கூடாது என்பது உனக்குத் தெரியாததல்ல. நம் சர்வர்தானே என்று நினைத்திருப்பாய். அதற்கு நீ பணம் கட்டாத வருஷம் உன் பொதியை யாராலும் மறுபடி கட்ட முடியாது. பட்டியலை மூலத்துக்குள்ளேயே வை.

இன்னொன்று, கட்டற்ற உரிமம் இல்லாத எழுத்துருவை, பரிந்துரைக்கும் பொதிகளுக்கான ரெகமெண்ட்ஸில் சேர்த்திருக்கிறாய். கட்டாயத் தேவையான டிபெண்ட்ஸ் இல்லையே என்று வாதாடாதே. 2009இல் வந்த டெபியன் லென்னி பதிப்பு முதல், பொதிகளை நிறுவும் ஆப்ட் ரெகமெண்ட்ஸையும் தானாகவே நிறுவுகிறது. கட்டற்றதல்லாதவற்றுக்கான நான்-ஃப்ரீ பிரிவைத் திறந்து வைத்திருப்பவர் கணினியில் அது கேட்காமலே வந்து உட்காரும். சஜஸ்ட்ஸ் வரைக்கும்தான் உனக்கு அனுமதி. மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை இறக்கித் தரும் பொதியின் ஸ்கிரிப்ட் கட்டற்றதுதான். இருந்தும் அது இறக்குவது கட்டற்றதல்ல என்பதால், மெயினுக்கு வெளியே கான்ட்ரிப் பிரிவில்தான் கிடக்கிறது.

டெபியன் எட்ச் பதிப்பு வந்த புதிதில் அதன் டிவிடிகளை எடுத்துக்கொண்டு, 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, கொல்லிமலையில் ஒரு பள்ளிக்குப் போனேன். அங்கே இணையமே கிடையாது. கம்பைலர், ஓபன் ஆபிஸ், தமிழ் எழுத்துரு எல்லாம் வட்டிலிருந்தே ஏறின. எதுவும் பாதியில் நின்று வெளியே போய் வாங்கி வா என்று கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெயின் தனக்குள்ளேயே முழுமையாக இருக்க வேண்டும் என்ற விதி யாருக்காக என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

மெயினுக்குள்ளேயே இருந்தாலும் சார்புகளைக் கூட்டாதே. சொல்லுக்கு முன்பின் உள்ள வெற்றிடத்தை நீக்க ஒரு தனி நூலகமா? 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் நூலகத்தில் பின்கதவு பிடிபட்டதே, ஓப்பன் எஸ்எஸ்ஹெச் அந்த நூலகத்தைக் கேட்டதே இல்லை. டெபியன் போன்றவர்கள் சிஸ்டம்-டிக்காகப் போட்ட ஒட்டு நிரல் வழியாக அது உள்ளே வந்தது. லாகின் அரை விநாடி தாமதமாவதை ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் கவனித்துத் துருவியதால்தான், டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளை எட்டும் முன் சிக்கியது.

நீ தமிழில் எழுதியிருக்கும் கையேட்டுப் பக்கத்தைப் போல ஒன்றை இதுவரை நான் படித்ததில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் நம் பேச்சிலிருந்தே உதாரணம் கொடுத்திருக்கிறாய். அதற்காகவே இந்தப் பொதி மெயினில் இருக்க வேண்டும். சொன்னவற்றைச் சரிசெய்து, நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை பில்டு செய்து பார்த்து அனுப்பு. நானே ஸ்பான்சர் செய்து டெபியனில் ஏற்றுகிறேன்.