புறாமலைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: முழுமையான வழிகாட்டி

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரையில் நின்று பார்த்தால், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பாறையும் பற்றையுமாகத் தெரிவதுதான் புறாமலை. மாடப்புறாக்கள் கூடுகட்டும் பாறைகள் என்பதால் வந்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் துப்பாக்கிப் பயிற்சிக்குப் பயன்பட்ட இந்தத் தீவு 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. தீவு சின்னது. அதைச் சுற்றி நீருக்கடியில் கிடக்கும் முருகைக்கல்தான் பெரிய சொத்து.

1. காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை போகலாம். அது கச்சான் காலம். காற்று தரைப் பக்கமிருந்து வீசுவதால் கிழக்குக் கடல் அடங்கி, தண்ணீர் தெளிந்திருக்கும். வாடை தொடங்கினால் கடல் கலங்கிவிடும். எந்த மாதமானாலும் விடியக் காலையிலேயே கிளம்புங்கள்.

2. சீட்டும் வள்ளமும்

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டைக் கரையிலேயே வாங்கவேண்டும். உள்ளூரவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு. வள்ளக் கூலி தனி. உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். இரவு தங்க முடியாது.

3. பையில் என்ன?

குடிதண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை. சட்டையோடு நீந்தினால் வெயில் களிம்பு அதிகம் தேவைப்படாது. சில களிம்புகளில் உள்ள இரசாயனம் முருகைக்கு நஞ்சு. பிளாஸ்டிக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

4. கால் ஊன்றாமல் மிதக்கப் பழகுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கவேண்டும். முருகைக்கல் என்று சொன்னாலும் அது வெறும் கல் அல்ல, கல்லுக்குமேல் கூட்டமாய் வாழும் சிற்றுயிர்கள். உருண்டை முருகை ஒன்று ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதே பெரிய காரியம். களைத்துப்போய் ஒரு நிமிடம் அதன்மேல் நின்றால், பல வருட வளர்ச்சி காலடியில் நொறுங்கும். நீந்தத் தெரியாதவர்தான் அப்படி நிற்கிறார் என்றில்லை. நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பதறி எழுந்து நிற்பவர்களை எத்தனையோ தடவை பார்த்து நெஞ்சு பதைத்திருக்கிறேன். ஆகவே முதலில் மணல் தரையில், இடுப்பளவு தண்ணீரில் நின்று மூச்சுக்குழாயைப் பழகுங்கள். கண்ணாடி முகத்தில் இறுகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு குப்புற மிதந்து, உடலைத் தளர்த்தி, மெல்லக் காலசையுங்கள்.

அசையாமல் மிதந்தால் ஒரு சத்தம் கேட்கும்: கறுக், கறுக். கிளிமீன் முருகைக்கல்லைக் கொறிக்கிறது. சற்றுநேரத்தில் அதன் பின்னால் வெண்மணல் புகைபோல் உதிரும். கடற்கரை மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

கருந்துடுப்புச் சுறா தென்பட்டால் பயப்படாதீர்கள். கூச்ச சுபாவமுள்ள பிராணி, தானே விலகிப் போகும். துரத்தவேண்டாம். மீனுக்குப் பாண் போடவும் வேண்டாம்.

5. திரும்பும்போது

கரையெங்கும் இறந்த முருகைத் துண்டுகள் வெள்ளெலும்புபோல் குவிந்து, மிதிக்கும்போது கலகலக்கும். ஒன்றைக்கூட எடுத்துவரக் கூடாது, சட்டப்படி குற்றம். பிள்ளைகளோடு போயிருந்தால், வள்ளம் ஏறுமுன் அவர்களின் சட்டைப்பையை ஒருமுறை தடவிப் பாருங்கள்.