இளைஞரும் போதைப் பழக்கமும்: ரேணிகுண்டா உணர்த்தும் பாடம்

வளரும் நாடு ஒன்றின் பெருஞ்செல்வம் அதன் இளைஞர்களே. அவர்களது கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் குடும்பமும் அரசும் செலவிடும் தொகை, பின்னாளில் உழைப்பாகவும் உற்பத்தியாகவும் நாட்டுக்குத் திரும்பி வருகிறது. இளமையிலேயே போதைப் பழக்கம் பற்றிக்கொள்ளுமாயின், அம்முதலீடு பயன் தரத் தொடங்கும் வேளையிலேயே வீணாகிவிடுகிறது. மருந்துக்காக அன்றி, உடல்நலத்திற்குத் தீங்கான மதுவையும் போதைப்பொருள்களையும் உட்கொள்வதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு கூறுவதும் மக்கள் நலம் கருதியே ஆகும்.

சந்திப்பு நிலையமும் கடத்தலும்

இப்பிரச்சினையின் தன்மையை அறிய ரேணிகுண்டா ஏற்ற ஊர். சென்னையிலிருந்து அரக்கோணம், திருத்தணி வழியாக மும்பை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையும், கூடூரிலிருந்து திருப்பதி, காட்பாடி நோக்கிச் செல்லும் பாதையும் இங்கே கூடுகின்றன. முன்னர் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. விமான நிலையமும் தொழிற்பேட்டைகளும் இங்கு உள்ளன. 1954இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 2015இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அருகிலேயே அமைந்துள்ளன. ஆகவே யாத்திரிகர்களுடன் மாணவர்களும் இளந்தொழிலாளர்களும் நாள்தோறும் இந்நிலையத்தைக் கடந்து செல்கின்றனர்.

ஆந்திர-ஒடிசா எல்லையிலுள்ள கிழக்கு மலைத்தொடரில் சட்டவிரோதமாகப் பயிராகும் கஞ்சா தெற்கு நோக்கி வருவதற்கும் இத்தகைய வழிகளே பயன்படுகின்றன. ரேணிகுண்டா நிலையத்தில் கஞ்சாப் பொதிகள் பிடிபட்ட செய்திகள் அவ்வப்போது வெளியாகியுள்ளன. 2021இல் ஆந்திரக் காவல்துறை ‘பரிவர்த்தனா’ என்ற நடவடிக்கையின் கீழ் ஆயிரக்கணக்கான ஏக்கரில் கஞ்சாச் செடிகளை அழித்தது. 2022 பிப்ரவரியில், பறிமுதலான சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சா அனகாப்பள்ளி அருகே எரிக்கப்பட்டது. 2024 நவம்பரில் ‘ஈகிள்’ என்ற தனிப் படை அமைக்கப்பட்டது.

பறிமுதலின் எல்லை

இந்நடவடிக்கைகள் தேவையானவையே. எனினும் சந்தையின் இயல்பை எண்ணிப் பார்த்தால் இவற்றின் எல்லையும் விளங்கும். விளைவிக்கும் மலைவாழ் விவசாயிக்குக் கிடைப்பது குறைந்த விலை. நகரத்தில் சிறு பொட்டலங்களாக விற்கப்படும்போது அது பன்மடங்காகிறது. இந்த வேறுபாடே கடத்தலைத் தூண்டுகிறது. ரயிலில் பிடிபடுபவர் பெரும்பாலும் ‘குருவி’ எனப்படும் கூலியாள். அவர் சிறை சென்றால் அவரிடத்தில் வேறொருவரை அமர்த்துவது முதலாளிக்குக் கடினமன்று.

மேலும், பழக்கத்திற்கு அடிமையானவர் விலை உயர்ந்ததால் மட்டும் அதனைக் கைவிடுவதில்லை. கடன் வாங்குகிறார், வீட்டுப் பொருளை விற்கிறார், அல்லது மலிவாகக் கிடைக்கும் வேறொன்றை நாடுகிறார். வலி நிவாரண மாத்திரைகள், பஞ்சர் ஒட்டும் பசை, ஒயிட்னர் முதலியன இவ்வாறே போதைப்பொருள்களாகிவிடுகின்றன. டிரமடால் என்னும் வலி நிவாரணி 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது இதன் பொருட்டே. ஆகவே வரத்தைத் தடுப்பதுடன் தேவையையும் குறைத்தாலன்றி முழுப்பயன் கிட்டாது.

கணக்கெடுப்பு கூறுவது

தேவையின் அளவை 2019 பிப்ரவரியில் வெளியான தேசியக் கணக்கெடுப்பு அறிக்கை காட்டுகிறது. மத்திய சமூகநீதி அமைச்சகத்திற்காக தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் இதனை நடத்தியது. இதன்படி 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டோரில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். கஞ்சா, பாங்கு முதலியவற்றைப் பயன்படுத்துவோர் சுமார் 3.1 கோடி, அபின், ஹெராயின் வகையினர் சுமார் 2.26 கோடி. முகர்ந்து போதை கொள்வோரின் விகிதம் பெரியவர்களிடையே 0.58 சதவீதமாக இருக்க, சிறுவர்களிடையே 1.17 சதவீதமாக உள்ளது.

இவ்வறிக்கையில் கவலைக்குரிய செய்தி மற்றொன்று உண்டு. சட்டவிரோதப் போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களில் சுமார் இருபதில் ஒருவருக்கே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் வாய்ப்புக் கிட்டியுள்ளது.

சட்டத்தின் மறுபக்கம்

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள், மனமயக்க மருந்துச் சட்டம் கடுமையானது என்பதைப் பலரும் அறிவர். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா கடத்துபவருக்கு 10 முதல் 20 ஆண்டுகள் வரை கடுங்காவல் விதிக்க இடமுண்டு. ஆனால் அதே சட்டத்தின் 64அ பிரிவைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருப்பது அரிது. போதையை உட்கொண்டதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அக்குற்றத்திற்காகத் தண்டனை வழக்கை எதிர்கொள்ள வேண்டியதில்லை. சிகிச்சையை இடையில் கைவிட்டால் இப்பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம். தண்டனை பெற்றவரைக்கூட அவரது சம்மதத்துடன் சிகிச்சைக்கு அனுப்ப 39ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது.

இதனை அறியாத குடும்பம் போலீசுக்கு அஞ்சி மகனின் பழக்கத்தை மறைக்கிறது. நோய் முற்றிய பின்னரே மருத்துவரை நாடுகிறது. அதற்குள் படிப்போ வேலையோ கைநழுவிப் போயிருக்கும்.

சிகிச்சையின் வழி

போதை அடிமைத்தனம் மருத்துவ உதவியால் தணியக்கூடியது. ஹெராயின் போன்றவற்றை நிறுத்தும்போது உடல்வலி, வாந்தி, உறக்கமின்மை ஆகியவை தோன்றும். மருத்துவர் கண்காணிப்பில் புப்ரிநார்பின், மெத்தடோன் போன்ற மருந்துகள் அளித்து இவற்றைக் கட்டுப்படுத்துவர். கஞ்சாப் பழக்கத்திற்கு ஆலோசனையும் தொடர் கண்காணிப்புமே முதன்மையானவை. மீண்டும் வழுக்கி விழுவோரை வெறுத்து ஒதுக்காமல் மறுபடியும் சிகிச்சைக்கு அழைத்து வருதல் வேண்டும்.

சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, நோயாளியுடன் அவரது குடும்பத்தினருக்கும் ஆலோசனை வழங்கும் முறையைக் கைக்கொண்டது. இப்பணிக்காக அவருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

செய்யத்தக்கவை

மத்திய அரசு 2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களில் ‘நஷா முக்த் பாரத்’ இயக்கத்தைத் தொடங்கியது. 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். இவ்வசதிகள் பயனடைய வேண்டியவர்களை எட்டுவதற்குச் சில பணிகள் அவசியம். கல்லூரிகளும் தொழிற்கூடங்களும் 64அ பிரிவின் பாதுகாப்பை எல்லோரும் அறியச் செய்ய வேண்டும். பழக்கத்தின் தொடக்க நிலையிலேயே மாணவரை வெளியேற்றாமல் ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். மருந்துக்கடைகளில் மருத்துவர் சீட்டின்றி மாத்திரை விற்பதைத் தடுத்தல் வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அரக்கு காப்பி போன்ற பயிர்களுக்கு நல்ல விலையும் சந்தையும் கிடைத்தால் மலைவாழ் விவசாயி கஞ்சாவை நாட வேண்டியதில்லை.

பறிமுதலான பொதிகளின் எடை ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது. அதனுடன், ஒவ்வொரு மாவட்டத்திலும் சிகிச்சை பெற்றவர் எத்தனை பேர், அவர்களுள் ஓராண்டுக்குப் பின்னும் நலமுடன் படிப்பிலும் வேலையிலும் நிலைத்திருப்பவர் எத்தனை பேர் என்ற கணக்கும் தொகுக்கப்படுதல் வேண்டும். இருபதில் ஒருவர் என்ற நிலை மாறி எல்லோருக்கும் சிகிச்சை கிட்டும்போதுதான் இளைஞர் நலனுக்கான முயற்சி முழுமை பெறும்.