காசு வாங்காவிட்டால் போதுமா?

கேள்வி: நானும் கல்லூரி நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து போக்கிமான் உலகை வைத்து ஒரு கம்ப்யூட்டர் கேம் உருவாக்கி வருகிறோம். கதையும் ஊர்களின் வரைபடமும் எங்களுடையவை. புதிதாக 60 மான்ஸ்டர்களை வரைந்திருக்கிறோம். பிகாச்சு போன்ற பழையவையும் வரும். சில படங்களையும் ஒலிகளையும் மூல கேமிலிருந்தே எடுத்தோம். யாரிடமும் காசு வாங்கப்போவதில்லை. 'உரிமை அனைத்தும் நின்டெண்டோவுக்கே' என்று முகப்பிலேயே போட்டுவிடுவோம். சட்டச் சிக்கல் வருமா? இன்னொன்று: இசையமைத்த நண்பர் குழுவிலிருந்து விலகிவிட்டார். 'என் டியூன் எதையும் பயன்படுத்தக் கூடாது' என்கிறார். அவர் அப்படிச் சொல்ல முடியுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இப்போது இருக்கிற வடிவத்தில் வெளியிட்டால் சிக்கல் வரலாம். வந்தால் உங்கள் பக்கம் சொல்ல அதிகம் இருக்காது. அதே சமயம், நீங்கள் செய்து வைத்திருப்பதில் பெரும்பகுதி உங்களுக்கே சொந்தம். அதைக் காப்பாற்றும் வழியைத்தான் இந்தப் பதிலில் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் இலவசம் என்ற வாதம். நகலெடுப்பது, தழுவி வேறொன்று படைப்பது, பொதுமக்களிடம் கொண்டுசெல்வது ஆகிய உரிமைகளை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உரிமையாளருக்கே தருகிறது. விலை வைத்தீர்களா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. 52-ஆவது பிரிவு சில விலக்குகளைத் தருகிறது: சொந்த உபயோகம், ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி. ஒரு முழு கேமை உருவாக்கி ஊருக்கெல்லாம் விநியோகிப்பது இவற்றில் எதிலும் அடங்காது. ஜப்பானியப் படைப்புதானே என்றும் தப்பிக்க முடியாது. பெர்ன் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருப்பதால் அதற்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு.

முகப்பில் போடும் அறிவிப்பும் உதவாது. போக்கிமான் நின்டெண்டோவுக்கு மட்டும் சொந்தமில்லை. கேம் ஃப்ரீக், கிரீச்சர்ஸ் நிறுவனங்களுக்கும் அதில் பங்குண்டு. ஆகவே அறிவிப்பே முழுச் சரியாக இராது. அதைவிட முக்கியமானது, தெரிந்தே மீறுவதைத்தான் 63-ஆவது பிரிவு குற்றம் என்கிறது. 'இது அவர்களுடையது என்று எனக்குத் தெரியும்' என்று நீங்களே எழுதித் தருகிறீர்கள். லாப நோக்கில்லாத மீறலுக்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதே பிரிவு இடம் தருகிறது. காசு வாங்காததால் சட்டத்தில் கிடைக்கிற பலன் ஏறக்குறைய அவ்வளவுதான்.

நடைமுறையில் என்ன நடக்கும் என்பதற்கு 'போக்கிமான் யுரேனியம்' கதையே போதும். ரசிகர்கள் சுமார் 9 ஆண்டுகள் உழைத்து, தாங்களே கற்பனை செய்த ஏராளமான மான்ஸ்டர்களுடன் 2016 ஆகஸ்டில் அதை இலவசமாக வெளியிட்டார்கள். சில நாட்களிலேயே 15 லட்சம் முறைக்கு மேல் தரவிறக்கப்பட்டது. நின்டெண்டோவின் வழக்கறிஞர்களிடமிருந்து நோட்டீஸ் வந்தது, இணைப்புகளை எடுத்துவிட்டார்கள், அடுத்த மாதமே மேம்பாட்டுப் பணியையும் நிறுத்திக்கொண்டார்கள். நின்டெண்டோவின் மெட்ராய்டு கேமை ரசிகர்கள் மறுஆக்கம் செய்த 'ஏஎம்2ஆர்' கேமுக்கும் அதே ஆகஸ்டில் அதே கதி. அந்த ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த ரசிகர் படைப்புக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்த இரண்டும் பிறகு பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. தரம் குறைந்ததால் அவை நீக்கப்படவில்லை. அத்தனை ஆண்டு உழைப்புக்கு அப்படியொரு முடிவு வந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

எல்லா நிறுவனங்களும் இப்படி இல்லை. சோனிக் ரசிகர் கேம்களை செகா பெரும்பாலும் கண்டும் காணாமல் விடுகிறது. ரசிகர் கேம் உலகிலிருந்து வந்த கிறிஸ்டியன் ஒயிட்ஹெட்டை வைத்தே 2017-இல் 'சோனிக் மேனியா'வை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. ஹாஃப்-லைஃப் ரசிகர்கள் உருவாக்கிய 'பிளாக் மெசா'வைக் காசுக்கு விற்கவே மூல கேமின் உரிமையாளரான வால்வ் அனுமதி கொடுத்தது. ஆனால் அந்தப் பெருந்தன்மை அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். அதைக் காட்டி இன்னொரு நிறுவனத்திடம் உரிமை கோர முடியாது. அதே செகாதான் 2011-இல் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் ரீமேக்'கை வெளியான சில நாட்களில் நீக்க வைத்தது. அதற்குப் பின்னாலும் 8 ஆண்டு உழைப்பு இருந்தது.

இனி உங்களுடையதைப் பார்ப்போம். கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதற்குக் கொடுத்த வடிவத்துக்குத்தான் உண்டு. 'நியூ டெல்லி' இந்திப் படம் தன் நாடகத்தின் நகல் என்று ஆர். ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மான்ஸ்டரைப் பிடிப்பது, பழக்குவது, மோதவிடுவது என்ற எண்ணத்துக்குப் பதிப்புரிமை கோர முடியாது. பிகாச்சுவின் உருவம், மூல கேமின் ஸ்பிரைட்டுகள், ஒலிகள், இசை ஆகியவை உரிமையாளர்களுடையவை. போக்கிமான் என்ற பெயர் டிரேட்மார்க். அதற்குத் தனிச் சட்டம் உண்டு. உங்கள் 60 மான்ஸ்டர்கள், கதை, வரைபடம், நீங்களே எழுதிய புரோகிராம் கோடு எல்லாம் உங்களுடையவை. கோடு விஷயத்தில் ஒரு சந்தேகம்: இணையத்தில் கிடைக்கும் போக்கிமான் கேம் கிட் எதையாவது அடிப்படையாக வைத்திருக்கிறீர்களா? அத்தகைய கிட்டுகளில் மூல கேமின் படங்களும் ஒலிகளும் கலந்திருப்பது சகஜம். ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள்.

உங்களுடையதைக் காப்பாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 'டூம்' ரசிகர்கள் காட்டியது. அந்த கேமின் சோர்ஸ் கோடை ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. 1999-இல் அதற்கு ஜிபிஎல் என்ற திறந்தநிலை உரிமம் தந்தது. படங்கள், ஒலிகள், களங்கள் மட்டும் நிறுவனத்திடமே இருந்தன. ரசிகர்கள் சண்டை போடவில்லை. அவை ஒவ்வொன்றுக்கும் மாற்று உருவாக்கி, 'ஃப்ரீடூம்' என்ற பெயரில் யாரும் எடுத்தாளக்கூடிய தாராள உரிமத்தோடு வெளியிட்டார்கள். இன்றும் அதை யாரும் தடையின்றி விளையாடலாம். இன்னொரு வழி 'ஸ்டார்டியூ வேலி'. 'ஹார்வெஸ்ட் மூன்' என்ற விவசாய கேம் மேலிருந்த பிரியத்தில் எரிக் பரோன் தொடங்கியது அது. அந்த எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படம், இசை, வசனம் எல்லாவற்றையும் தாமே செய்தார். 2016-இல் சொந்தப் பெயரில் விற்றார். 60 மான்ஸ்டர்களை வரைந்த கைகளுக்கு இதுவே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. பெயரை மாற்றுங்கள், பழைய மான்ஸ்டர்களை எடுத்துவிடுங்கள், பிடிக்கும் பந்துக்குப் பதிலாக வேறெதையாவது யோசியுங்கள்.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2024 செப்டம்பரில் 'பால்வேர்ல்ட்' கேமை உருவாக்கிய பாக்கெட்பேர் மீது நின்டெண்டோவும் போக்கிமான் கம்பெனியும் டோக்கியோவில் வழக்குப் போட்டன. அது பதிப்புரிமை வழக்கல்ல, மான்ஸ்டரைப் பிடிக்கும் முறை போன்றவை குறித்த பேட்டன்ட் வழக்கு. விளையாடும் முறைக்குப் பதிப்புரிமை இல்லை என்பதோடு கவலை தீர்ந்துவிடாது. இலவச மாணவர் கேம் மீது பேட்டன்ட் வழக்கு வர வாய்ப்பு குறைவு. நாளை விற்பதாக இருந்தால் வெளியிடும் முன் பேட்டன்ட் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

இதற்குள் பழைய வடிவத்தை எங்காவது ஏற்றியிருந்து நோட்டீஸ் வந்தால் உடனே இறக்கிவிடுங்கள். அமெரிக்கத் தளங்களில் எதிர் நோட்டீஸ் அனுப்ப வசதி இருக்கும். ஆத்திரத்தில் அதை நிரப்பிவிடாதீர்கள். பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டுச் சொல்வதாகவும், அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்பதாகவும் அதில் உறுதி கொடுக்க வேண்டும்.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஆம், அவர் அப்படிச் சொல்லலாம். அவர் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. ஆகவே மெட்டமைத்தவர் என்ற முறையில் அவரே முதல் உரிமையாளர். வீட்டில் தானே பதிவு செய்திருந்தால் ஒலிப்பதிவும் அவருடையதே. உரிமத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 30-ஆவது பிரிவு. 'போட்டுக்கோடா' என்று வாட்ஸாப்பில் அவர் அனுப்பியிருந்தால் அதை வைத்து வாதாட இடமுண்டு. அதை மட்டும் நம்பி கேமை வெளியிடச் சொல்ல மாட்டேன். ஒன்றைக் கவனியுங்கள்: அவருடைய டியூன் போக்கிமான் இசையின் மறுவடிவம் என்றால் அது அவருக்கும் முழுச் சொந்தமில்லை, அவர் சம்மதித்தாலும் அதை எடுத்துவிடத்தான் வேண்டும்.

அவரை நேரில் பார்த்துப் பேசுங்கள். உரிமையை எழுதித் தரச் சொல்லாதீர்கள். பயன்படுத்த உரிமம் மட்டும் கேளுங்கள். எந்தெந்த டியூன், எந்த கேம், எத்தனை காலம், எந்தெந்த நாடுகள் என்று தெளிவாக எழுதுங்கள். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இணையத்தில் வெளியாகும் கேமுக்கு அது போதாது. பின்னால் விற்க நேர்ந்தால் அவருக்கு என்ன பங்கு என்பதையும் இப்போதே எழுதுங்கள். அவர் பெயரை கேமில் போடுங்கள். தன்னைப் படைப்பாளியாகக் காட்டச் சொல்லும் உரிமை 57-ஆவது பிரிவின்படி அவருக்கு எப்போதும் உண்டு. மறுத்தால் டியூன்களை எடுத்துவிட்டு வேறொருவரிடம் புதிதாகக் கேளுங்கள். இலவச இசைத் தொகுப்பிலிருந்து எடுப்பதானால் 'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று உரிமத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாளை கேமை விற்கும்போது அதையும் மாற்ற வேண்டியிருக்கும். மீதமுள்ள மூவரும் உங்களுக்குள் இதே மாதிரி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.