கரையில் இறங்கும் டூர்: எப்போது புக் செய்வது?

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு அலாஸ்கா கப்பல் பயணம் போகிறோம். துறைமுகங்களில் இறங்கிப் பார்க்கும் டூர்களை இப்போதே எடுக்கலாமா? கடைசி நேரத்தில் விலை குறையுமா?

பதில்: அந்த நம்பிக்கையில் காத்திருக்காதீர்கள். கப்பலில் ஏறிய பிறகு கவுன்டரில் கேட்டால் பெரும்பாலும் கூடுதல் விலைதான். தள்ளுபடி வருவதெல்லாம் புறப்படும் முன்பு, கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில். நவம்பர் கடைசி பிளாக் ஃப்ரைடே சமயத்தில் அடிக்கடி பார்க்கலாம். எனவே இன்றைய விலைக்கே எடுத்துவையுங்கள். பிறகு குறைந்தால் ரத்து செய்துவிட்டுப் புது விலைக்கு மறுபடி எடுங்கள். கெடுவுக்குள் ரத்து செய்தால் பொதுவாக முழுப்பணமும் திரும்பிவிடும். அந்தக் கெடு டூருக்கு டூர் மாறும், பொடி எழுத்தில்தான் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

ஜூனோவில் ஹெலிகாப்டரில் போய்ப் பனியாற்றின் மேல் இறங்குவதற்கு இருக்கைகள் கொஞ்சம். ஜூலையில் ஒரே நாளில் நான்கைந்து கப்பல் கூட்டமும் அதற்குத்தான் மோதும். ஸ்காக்வேயில் 1900-இல் கட்டி முடித்த ஒயிட் பாஸ் மலை ரயிலும் அப்படியே. இவ்விரண்டையும் முதலில் முடியுங்கள். கெட்சிகனில் டூரே வேண்டாம். ஓடைமேல் மரக்கால்களில் நிற்கும் கிரீக் தெருவுக்கு, கப்பல் ஊருக்குள் நின்றால், நடந்தே போகலாம்.

வெளி நிறுவனங்கள் மலிவாகத் தரும். ஆனால் அவர்கள் தாமதமாகக் கொண்டுவந்து விட்டால் கப்பல் உங்களுக்காக நிற்காது. கப்பல் புறப்பட இரண்டு மணி நேரம் முன்பே முடியும் டூராக எடுங்கள்.